குளவிக்குச் செயற்கை உணவு

கரும்பின் இடைக்கணுப்புழு தண்டினுள் புகுந்துவிட்டால் மருந்து அதனை எளிதில் எட்டுவதில்லை. ஆகவே, அப்பூச்சியை முட்டைப் பருவத்திலேயே அழித்தல் நலம். இத்தொண்டினைச் செய்வது டிரைக்கோகிரம்மா என்னும் குளவி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உருவமுடைய இது, பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடுகிறது. குளவியின் புழு உள்ளிருப்பதை உண்டு வளர, அம்முட்டை கறுத்துவிடுகிறது. முடிவில் அதிலிருந்து குளவியே வெளிவருகிறது.

இக்குளவியை வளர்ப்பதினும் அதற்கு உணவு தேடுவதே பெரும் வேலை. கம்பு நொய்யில் நிலக்கடலைத் தூளும் ஈஸ்ட்டும் கலந்து, அதில் அரிசி அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டிக் குளவிக்கு அளிக்கின்றனர். தானியச் செலவு ஒருபுறமிருக்க, அந்தின் செதில் தூள் பணியாளரின் மூச்சுக்கும் ஊறு செய்கிறது.

இடைத்தரகரை நீக்குவது கூட்டுறவாளராகிய நமக்குப் புதிதன்று. இங்கே அந்துப்பூச்சியே இடைத்தரகர். அதனை நீக்க இயலுமா?

இயலும் என்று 1975-இல் அமெரிக்க அறிஞர்கள் காட்டினர். பூச்சியின் இரத்தநீர் சேர்ந்த கலவையில், முட்டை முதல் முழுக்குளவி வரை அவர்கள் வளர்த்தனர். பின்னர்ச் சீனத்தில், ஓக் இலையுண்ணும் பட்டுப்புழுவின் கூட்டுப்புழுவிலிருந்து எடுத்த இரத்தநீர், கோழி முட்டையின் மஞ்சட்கரு, பால் ஆகியவற்றைக் கலந்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளின் சிறு குமிழ்களில் அடைத்துச் செயற்கை முட்டைகள் செய்தனர். பட்டு நெய்யும் நம் அங்கத்தினர்க்கு இச்செய்தி வியப்பளிக்கக்கூடும்.

எனினும் இடர்கள் உள. தாள் தடித்தால் குளவியால் துளைக்க இயலாது. நுண்கிருமி புகுந்தால் உணவு கெடும். அளவுக்கு மீறி உண்ட புழு பருத்து மடியும். தப்பியவற்றுள்ளும் சில, இறகு விரியாமல் பிறக்கும். பறக்க மாட்டாத குளவி எத்தனை மலிவாயினும் உழவர்க்குப் பயனில்லை.

ஆகவே, செயற்கை உணவில் வளர்ந்த குளவி என்று எவரேனும் விற்க வந்தால், நூற்றுக்கு எத்தனை வெளிவருகின்றன, பெண் குளவிகள் எத்தனை, அவை வயலில் முட்டையைத் தேடிப் பிடிக்கின்றனவா என்று கேட்டறிதல் வேண்டும்.

அந்து முட்டை அட்டைகளைப் பெறுவோர், நான்காம் மாதம் முதல் 15 நாட்களுக்கு ஒருமுறையாக, ஹெக்டேருக்கு 2.5 கன சென்டிமீட்டர் வீதம் ஆறு முறை கட்டுக. குளவி வெளிவருமுன்பே அட்டையைத் தோகையின் அடிப்புறத்தில் பொருத்துக. அந்நாட்களில் பூச்சிமருந்து தெளித்தல் ஆகாது. சில நாட்கள் கழித்து, தோகையில் கறுத்த முட்டைகளை எண்ணிப் பார்த்தே எந்த அட்டையையும் மதிப்பிடுக.