பயிற்றுநரைத் தெரிதல்

மக்கெய்சர் மைதானத்தில் ஆட்டம் முடிந்தபின், ஆடியவரைவிடப் பார்த்தவரே நெடுநேரம் ஆடுவர். 2025 இல் இந்திய உதைபந்தாட்ட அணிக்குத் தலைமைப் பயிற்றுநர் தேடப்பட்டபோது நாமும் அங்கு வழக்காடினோம். 2024 இல் எமது நாட்டணிக்கும் குவைத்தைச் சேர்ந்த அப்துல்லா அல் முத்தைரி நியமிக்கப்பட்டிருந்தமையால், உள்நாட்டவரா பிறநாட்டவரா என்னும் வினா எமக்கும் உரியதே.

வந்த விண்ணப்பங்கள் 170. சாவியின் பெயரால் வந்தது பொய்யென அறிவிக்கப்படுமுன்னரே, நம்மவர் சிலர் அவருக்கு அணியும் அமைத்துவிட்டனர்! இறுதியில் எஞ்சியோர் மூவர்: முன்னர் இருமுறை இந்திய அணியைப் பயிற்றிய ஸ்டீபன் கொன்ஸ்டன்டைன், சுலோவாக்கிய அணியை ஐரோப்பியக் கிண்ணத்துக்கு நடத்திச்சென்ற ஸ்டெபான் தார்க்கோவிச், முன்னாள் இந்திய வீரர் காலித் ஜமீல்.

இளைஞர் ஐரோப்பியரையே வேண்டினர். நாமோ ஜமீலின் பக்கம். கழகப் பயிற்றுநருக்கு வீரர் ஆண்டு முழுதும் கிடைப்பர். நாட்டணிப் பயிற்றுநருக்கோ போட்டிக்கு முன் சின்னாட்களே. புதிதாய்க் கற்பிக்கப் பொழுதில்லை. தக்கவரைத் தெரிவதே அவர்தம் பெரும்பணி. சிறு கழகமான ஐசோலை 2017 இல் தேசிய வாகை சூடச் செய்த ஜமீல் அவ்வீரரை நன்கறிவார் என்றோம்.

ஓகஸ்ட் 1 இல் அவரே நியமனம் பெற்றார். செப்டெம்பரில் ஓமானைத் தண்ட உதைகளில் வென்றபோது எம் குரல் உயர்ந்தது. ஒக்டோபர் 14 இல் சிங்கப்பூரிடம் 1–2 எனத் தோற்று, ஆசியக் கிண்ண வாய்ப்பும் போயிற்று. மறுநாள் மாலை இளைஞர் எமக்காகக் காத்திருந்தனர்.