ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்க: நிதி இருக்கிறது, முதல் பணம்தான் இல்லை

இங்கே ஒரு கல்லூரியில் இளங்கலையோ முதுகலையோ படித்துக்கொண்டிருக்கும் மாணவர், அதில் ஒரு பருவத்தை மட்டும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துவிட்டுத் திரும்பி, இங்கேயே பட்டம் பெறுவதைப் பரிமாற்றப் பருவம் என்கிறோம். தனியார் பல்கலைக்கழகங்களுக்கு இது ஒரு விளம்பரச் சரக்கு. அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் தலித் மாணவரோ, இப்படி ஒரு வழி உண்டு என்பதையே விண்ணப்பக் காலம் முடிந்த பிறகுதான் கேள்விப்படுகிறார். இதற்கான நிதி எங்கே இருக்கிறது, அது ஏன் நம் மாணவர்களின் கைக்கு வந்து சேர்வதில்லை, வரவழைக்க எப்போது என்ன செய்யவேண்டும் என்பதைப் பார்ப்போம்.

வெளிநாட்டுக் கல்வி என்றதும் நம் இயக்கங்கள் பேசுவது தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பற்றியே. 1954-55இல் தொடங்கிய இத்திட்டத்தில் இன்று ஆண்டுக்கு 125 இடங்கள்; அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்கவேண்டும், தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், வயது 35க்குள் இருக்கவேண்டும். 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளை விலக்கியபோது நாம் எதிர்த்தோம். ஆனால் இத்திட்டம் முதுகலையையோ முனைவர் பட்டத்தையோ முழுமையாக வெளிநாட்டில் படிப்பவருக்கு மட்டுமே உரியது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. இளங்கலை மாணவருக்கு அதில் இடமில்லை. ஒரு பருவம் மட்டும் போய்வர நினைப்பவருக்கும் இடமில்லை. தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் நடத்தும் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டமும் அங்கே சேர்ந்து பட்டம் பெறுவோருக்கானதே. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையோ உள்நாட்டுப் படிப்புக்கு மட்டும் உரியது.

(பெயர் என்றதும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அயல்நாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தரும் திட்டம் ஒன்றை ஒன்றிய அரசு 'டாக்டர் அம்பேத்கர்' பெயரிலேயே சில ஆண்டுகள் நடத்தியது. பிற பிற்படுத்தப்பட்டோருக்கும் பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கும் உரியதாக இருந்த அத்திட்டத்தில் பட்டியல் சாதி மாணவருக்கு இடமில்லை.)

ஆக, ஒரு பருவத்துக்கான நிதியை அரசுத் திட்டங்களில் தேடிப் பயனில்லை. அது பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒப்பந்தங்களின் வழியாகவே வருகிறது. இரண்டு நிறுவனங்கள் பரிமாற்ற ஒப்பந்தம் செய்திருந்தால், போகும் மாணவர் கல்விக் கட்டணத்தைத் தன் சொந்த நிறுவனத்துக்குக் கட்டுவதும், அங்கே கட்டணம் இன்றிப் படிப்பதும் வழக்கம். இதன் பொருளாதாரத்தைக் கவனிக்கவேண்டும். இங்கே அரசு கல்லூரியில் சில ஆயிரம் ரூபாய் கட்டுபவர், அல்லது கட்டண விலக்கில் படிப்பவர், அங்கே பல லட்சம் மதிப்புள்ள இருக்கையில் கூடுதல் கட்டணமின்றி உட்காரலாம். நம் மாணவர்களுக்கு இதைவிடச் சாதகமான ஏற்பாடு வேறில்லை. முழுப் பட்டத்தின் செலவோடு ஒப்பிட்டால் இது பத்தில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டம் இந்தக் கட்டண விலக்கோடு உதவித்தொகையும் தருகிறது. இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் மாணவருக்கு, போகும் நாட்டைப் பொறுத்து, மாதம் 800 முதல் 900 யூரோ வரை. பயணச் செலவுக்குத் தொலைவைக் கணக்கிட்டுத் தனித் தொகை. வாய்ப்புகள் குறைந்த பின்னணியிலிருந்து வருவோருக்கு மாதம் 250 யூரோ கூடுதலாகக் கிடைக்கவும் வழி உண்டு. வருமானக் குறைவும் பாகுபாடும் அந்த வாய்ப்புக் குறைவின் கணக்கில் சேரும். ஆனால் அங்குள்ள அதிகாரிக்குச் சாதிச் சான்றிதழ் என்றால் என்னவென்று தெரியவேண்டிய கட்டாயம் இல்லை. எனவே சாதிச் சான்றிதழோடு வருமானச் சான்றிதழையும் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இணைத்து, இந்தக் கூடுதல் தொகையை நாமாகவே கேட்கவேண்டும். பிரெஞ்சுத் தூதரகத்தின் ஷார்பக் உதவித்தொகையிலும் பரிமாற்ற மாணவருக்கென ஒரு பிரிவு உண்டு.

இனி செலவு. ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம், அதன் கணக்கு வெளிப்படையானது. மாணவர் விசா கேட்பவர் மாதம் 992 யூரோ செலவழிக்க வழி உண்டு எனக் காட்டவேண்டும். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 6 லட்சம் ரூபாய். இதைப் பொதுவாக முடக்கக் கணக்கு எனப்படும் வங்கிக் கணக்கில் முன்கூட்டியே போடவேண்டும்; அங்கே போன பிறகு மாதாமாதம் 992 யூரோவாக விடுவிப்பார்கள். உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அந்த அளவுக்கு இது குறையும். ஆனால் உதவித்தொகை மாதம் 900 யூரோ என்றால் மீதி 92 யூரோவுக்கு வேறு சான்று காட்டவேண்டியிருக்கும். மேலே சொன்ன 250 யூரோ கிடைத்துவிட்டால் இந்தக் குறை தீர்ந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

இந்த ஆறு லட்சத்தைவிட நம் மாணவர்களைத் தடுத்து நிறுத்துவது அதற்கு முன்னால் வரும் சிறு தொகைகளே என்பது எமது கருத்து. கடவுச்சீட்டுக்கு 1,500 ரூபாய். ஆங்கிலத் தேர்வு கேட்டால் அதற்கு மட்டும் 15,000 ரூபாய்க்கு மேல். விசாவுக்கு 75 யூரோ. சென்னையில் நேர்காணல் என்றால் திருநெல்வேலியிலிருந்து வந்துபோகும் செலவு. விமானச் சீட்டு. போய் இறங்கியதும் அறைக்கு முன்பணம், முதல் மாத வாடகை. உதவித்தொகையின் முதல் தவணை அங்கே சேர்ந்து, பதிவு செய்து, வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகே கைக்கு வரும் இடங்கள் உண்டு. அதாவது நிதி உறுதியாகிவிட்ட மாணவருக்கும் ஒன்றரை, இரண்டு லட்சம் ரூபாய் முதலில் கையிலிருந்து போடவேண்டும். நிலமோ மாதச் சம்பளமோ உள்ள குடும்பம் இதைப் புரட்டிவிடும். கூலி வேலை செய்யும் பெற்றோருக்கு இது நகையை அடகு வைத்தாலும் தீராத தொகை. தகுதியால் தேர்வானவர்களை வர்க்கமும் சாதியும் சேர்ந்து வடிகட்டும் இடம் இதுதான்.

இது புதிய கதையன்று. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த மாதம் 11.50 பவுன் உதவித்தொகையில், மூன்றாண்டுக் கால அளவோடு, 1913இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததும் லண்டனில் தொடங்கிய படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு 1917இல் திரும்பவேண்டியதாயிற்று. மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியராக இருந்து சேமித்ததும், கோலாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவியும், நண்பரிடம் பெற்ற கடனும் சேர்ந்தே 1920இல் அவரை மீண்டும் லண்டனுக்குக் கொண்டுசேர்த்தன. உதவித்தொகை நின்ற இடத்துக்கும் படிப்பு முடியும் இடத்துக்கும் நடுவே இருந்த பள்ளத்தை அவர் மூன்றாண்டு உழைப்பால் நிரப்பினார். இருபது வயது மாணவருக்கு அந்த மூன்றாண்டு கிடையாது. பருவம் அக்டோபரில் தொடங்கிவிடும்.

வங்கிக் கடன் இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்பும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கக்கூடாது. ஆனால் 4 லட்சத்தைத் தாண்டினால், வெளிநாட்டுப் படிப்புக்கு 15 விழுக்காட்டை மாணவர் தன் பங்காகப் போடவேண்டும். 6 லட்சத்துக்கு அது 90,000 ரூபாய். உதவித்தொகையையும் இந்தப் பங்கில் சேர்த்துக் கணக்கிடலாம் என்று அதே திட்டம் சொல்கிறது. கிளை மேலாளர் இதைத் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்கவேண்டாம். 'ஒரு பருவத்துக்கெல்லாம் கடன் கிடையாது' என்பது நாம் அடிக்கடி கேட்கும் பதில். படிப்பை முடிக்கத் தேவையான கல்விப் பயணம், செயல்திட்டம், ஆய்வேடு போன்றவற்றின் செலவும் கடனுக்குரிய செலவே என்பதைக் காட்டி, கல்லூரியின் கடிதத்தோடு எழுத்தில் விண்ணப்பிக்கவேண்டும். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேட்கவேண்டும். விசாவுக்காக ஒரு மாதம் மட்டும் கணக்கில் பணம் போட்டுக் காட்டுகிறோம் என்று வரும் முகவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அந்தப் பணத்தின் மூலத்தை விசா அதிகாரி கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் மாணவர்தான்.

இயக்கங்களும் முன்னாள் மாணவர் அமைப்புகளும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. முழுச் செலவையும் நன்கொடையாகத் திரட்ட முயன்று ஓய்ந்துபோவதற்குப் பதில், உதவித்தொகை உறுதியான மாணவருக்கு முதல் இரண்டு லட்சத்தை மட்டும் வட்டியின்றித் தரும் சுழல் நிதி ஒன்றை உருவாக்கலாம். தவணை வந்ததும் பணம் திரும்பும். அடுத்த பருவத்தில் இன்னொருவர் போவார்.

பணத்துக்கு அடுத்தபடி கவிழ்க்கக்கூடியது காலண்டர். ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும். கோடைப் பருவம் ஏப்ரல் முதல் ஜூலை வரை. நம் பருவங்களோ ஜூன், ஜூலையில் தொடங்கி நவம்பரில் தேர்வு, டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் தேர்வு. அக்டோபரில் கிளம்புபவர் இங்கே நவம்பர்த் தேர்வை இழப்பார். வருகைப் பதிவும் குறையும். அங்கே படித்த தாள்களுக்கு இங்கே மதிப்பு தரப்படாவிட்டால் திரும்பி வரும்போது ஒரு பருவம் முழுவதும் அரியராக நிற்கும். அரியர் வைத்தால் உதவித்தொகையும் விடுதி இடமும் என்னவாகும் என்பது நம் மாணவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இதற்கு மருந்து, எராஸ்மஸ் திட்டத்தில் கற்றல் ஒப்பந்தம் எனப்படும் ஆவணம். எந்தத் தாளுக்கு ஈடாக எந்தத் தாள், எத்தனை மதிப்பலகு என்று மாணவரும் இரண்டு நிறுவனங்களும் கையெழுத்திடுவது. இணைவுக் கல்லூரியில் படிப்பவர் முதல்வரின் கையெழுத்தோடு நின்றுவிடக் கூடாது. தேர்வு நடத்துவதும் பட்டம் தருவதும் பல்கலைக்கழகம் என்பதால் அதன் ஒப்புதலும் கிளம்புவதற்கு முன்பே வேண்டும். கட்டண விலக்கும் விடுதி இடமும் அந்தப் பருவத்திலும் தொடரும் என்ற கடிதத்தையும் அப்போதே வாங்கிக்கொள்ளவேண்டும்.

எனவே ஓராண்டுக்கு முன்பே தொடங்கவேண்டும். முதல் வேலை கடவுச்சீட்டு. தலைப்பெழுத்து மட்டும் வைத்து எழுதும் நம் பெயர்முறையில், பள்ளிச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் தந்தை பெயர் மூன்று விதமாக இருப்பது சாதாரணம். அதைச் சரிசெய்யவே மாதங்கள் ஆகும். ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டுமுன், பயிற்றுமொழி ஆங்கிலம் என்று கல்லூரி தரும் சான்றிதழை அந்தப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று கேளுங்கள்; பரிமாற்ற மாணவருக்குப் பல இடங்களில் ஏற்கிறார்கள். எதைப் படிப்பது என்பதிலும் இந்த வழியில் சுதந்திரம் அதிகம். தேசிய உதவித்தொகை விலக்கிய இந்தியச் சமூக ஆய்வை, ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்து நவீன இந்திய ஆய்வு மையத்திலோ ஹைடல்பெர்க்கின் தெற்காசிய நிறுவனத்திலோ படிக்கத் தடை ஏதுமில்லை. போகும் இடத்தில் உடன் தங்கும் இந்திய மாணவர்களின் சாதிப் பார்வையும் கூடவே வரலாம். கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழக அமைப்பு 2022இல் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. புகார் அளிக்கும் அலுவலகம் எதுவென்று முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இவை அனைத்தும் மாணவர் பரிந்துரைக்கப்பட்ட பிறகுதான். எராஸ்மஸ் போன்ற திட்டங்களில் மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. சொந்தப் பல்கலைக்கழகம் பெயரை அனுப்பவேண்டும். சேர்க்கையில் இடஒதுக்கீடு உண்டு, விடுதியில் உண்டு. இந்தப் பரிந்துரைப் பட்டியலிலோ துறைத் தலைவரின் விருப்பமும், ஆங்கிலம் பேசும் தோரணையும், 'உன்னால் செலவைச் சமாளிக்க முடியுமா' என்ற கேள்வியும்தான் பல இடங்களில் தீர்மானிக்கின்றன. அறிவிப்பு பலகைக்கு வராமல் ஆசிரியருக்கு நெருக்கமான நான்கு பேரின் வாட்ஸ்அப்போடு முடிந்துபோவதும் உண்டு.

அரசுப் பல்கலைக்கழகங்களும் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. 10 ரூபாய்க் கட்டணத்தில் நான்கு கேள்விகள் கேட்கலாம். நடைமுறையில் உள்ள அயல்நாட்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் எவை? கடந்த ஐந்து ஆண்டுகளில் அவற்றின் கீழ் அனுப்பப்பட்ட மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதி, பழங்குடியினர் எத்தனை பேர்? அறிவிப்பு எந்தத் தேதியில், எங்கே வெளியிடப்பட்டது? தேர்வுக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடியினர் பிரிவின் பிரதிநிதி இருந்தாரா? பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அக்டோபர்ப் பருவத்துக்கான பரிந்துரைகள் பெரும்பாலும் அந்த ஆண்டின் முதல் மாதங்களிலேயே கேட்கப்படுகின்றன என்பதால், மனுவை அதற்கு முந்தைய செப்டம்பருக்குள் அனுப்பிவிடுங்கள்.