மாடியில் ரோமாபுரி, கீழே திண்ணை

புதுச்சேரியை அடுத்த அரியூரிலோ வில்லியனூரிலோ பழைய ஓட்டு வீட்டில் வளர்ந்த ஒருவரைப் புதுச்சேரி வைசியாள் வீதியின் மாளிகை ஒன்றுக்குள் அனுப்பினால் அவர் யாரிடமும் வழி கேட்க மாட்டார். தெருவோரம் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை, கதவைத் திறந்தால் நடை, அப்புறம் வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் கூடம், பின்னால் இரண்டாம் கட்டு, கடைசியில் கொல்லை. எல்லாம் ஊரில் உள்ளதுதான். அளவு மட்டும் பெரிது. தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தால்தான் வேறொரு நாடு தெரியும். வளைவுச் சன்னல்கள், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், தூண் தலையில் சுருளும் இலைகள், கூரை விளிம்பில் குட்டித் தூண்களை வரிசையாக நட்ட கைப்பிடிச் சுவர். பண்டைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களின் வடிவங்களை ஐரோப்பா பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு மீண்டும் கையில் எடுத்தபோது பிறந்த பாணி அது. இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்திருப்பதால் இவற்றைப் பிரெஞ்சு–தமிழ் வீடுகள் என்கிறார்கள். சுற்றுலாப் படங்களில் மாடி மட்டும் மின்னுகிறது. ஆனால் இந்த வீடுகளுக்குக் கட்டடக்கலையில் தனி இடம் கிடைப்பதே, கீழ்த்தளத்தை விட்டுக்கொடுக்காமல் மாடியை ஏற்றுக்கொண்டதால்தான் என்று வாதிட விரும்புகிறேன்.

முதல் சாட்சி ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளராகவும் இருந்து, 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தவர் அவர். 1730களில் அவர் கட்டிய மாளிகையில், முற்றத்தைச் சுற்றிக் கீழே நிற்பவை செதுக்கிய மரத்தூண்கள். அவற்றுக்கு மேலே மாடியில் நிற்பவை செங்கல்லால் கட்டி வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய உருண்டைத் தூண்கள். ஒரே முற்றத்தில் நின்று இரண்டையும் பார்க்கலாம். அந்தப் பத்தாண்டின் முடிவில்தான், 1738இல், இத்தாலியில் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் புதைந்த ஹெர்குலேனியத்தைத் தோண்டத் தொடங்கினார்கள். பழைய ரோமைப் பற்றிய புதிய மோகம் ஐரோப்பாவைப் பிடித்ததில் அந்த அகழாய்வுக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த மோகம் அலையாக எழுவதற்கு முன்பே, ஒரு தமிழ் வணிகர் அந்தத் தூண்களைத் தன் வீட்டில் எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார். அவருக்குப் பிரெஞ்சு வீடு தெரியாமல் இல்லை. ஊரைப் பிரித்த வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் பகுதியில், அது எப்படி இருந்தது? தெருவுக்கு உயரமான மதிலும் வாயிற்கதவும் காட்டி, உள்ளே தோட்டத்தைப் பார்த்துத் தூண் வரிசை வைப்பது அதன் முறை. தமிழ் வீடோ பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டி நின்று, தெருவுக்குத் திண்ணையை நீட்டுகிறது. தூண்களை வாங்கிக்கொண்டவர்கள் மதிலை வாங்கிக்கொள்ளவில்லை. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துப் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கிய பிறகு, ஊரைப் புதிதாகக் கட்டவேண்டி வந்தபோதும் தமிழர் தெருக்களில் இதே முறைதான் தொடர்ந்தது.

இந்தச் சேர்க்கை ரசனையால் மட்டும் நடந்ததல்ல, கொத்தனார்களின் தொழில்நுட்பமும் அதற்கு இடம் கொடுத்தது. ஐரோப்பியக் கைப்பிடிச் சுவர் அழகாக உட்கார வேண்டுமென்றால் கூரை தட்டையாக இருக்கவேண்டும். நாட்டு ஓடு வேய்ந்த சரிவுக் கூரைமேல் அது நிற்காது. அந்தத் தட்டைக் கூரை இங்கேயே இருந்தது. தேக்கு உத்திரங்களை நெருக்கமாகப் போட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் கோத்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிக் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிக்கும் மெட்ராஸ் டெரஸ் அது. தூணும் அப்படித்தான். நடுவில் செங்கல், மேலே சுண்ணாம்பை அரைத்து அரைத்துப் பல பூச்சு, மேல்பூச்சில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் முட்டையின் வெள்ளைக்கருவும். ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்தால் பளிங்கு போல மின்னும், தொட்டால் குளிரும். கீழே சரிவான தாழ்வாரம் மழையைச் சுவரிலிருந்து தள்ளி விழவைக்கிறது. மேலே மரச்சட்டங்கள் அடுக்கிய சன்னல்கள் வெயிலை மறைத்துக் காற்றை விடுகின்றன. மாடித் தூண்களின் தலையில் சுருளும் இலை மத்தியதரைக் கடலோரச் செடியினுடையது. அதைச் சுதையில் வடித்தவர்கள் அந்தச் செடியைப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. அதனால்தானோ என்னவோ, பல வீடுகளில் அது கோயில் கொடிக்கருக்கின் சாயலை எடுத்துக்கொள்கிறது. எனக்கு இந்த வீடுகளில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஆள்பவனைப் பார்த்து அடிமை போட்ட வேஷம்தானே இது, செங்கல்லைப் பளிங்காகக் காட்டும் போலித் தூணுக்கு என்ன மரியாதை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் போலி என்றால் அது இத்தாலியிலிருந்தே தொடங்குகிறது. பதினாறாம் நூற்றாண்டில் ரோமானியத் தூண்களுக்குப் புத்துயிர் கொடுத்து, ஐரோப்பா முழுவதற்கும் வழிகாட்டியான பல்லாடியோ, தன் புகழ்பெற்ற பண்ணை வீடுகள் பலவற்றில் தூண்களைச் செங்கல்லால் கட்டிச் சாந்து பூசித்தான் நிறுத்தினார். வைசியாள் வீதிக் கொத்தனார் செய்ததும் அதுவே. அடிமைத்தனம் என்ற குற்றச்சாட்டுக்கு, சென்னையோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். அங்கே 1874 முதல் 1879 வரை கட்டடக்கலைஞர் சிஸ்ஹோம் எழுப்பிய செனட் ஹவுஸ், இந்திய, இஸ்லாமிய வடிவங்களை மீட்டெடுத்த இந்தோ–சாரசெனிக் பாணி. ஆள்பவர்கள் தங்கள் அரசுக் கட்டடத்துக்கு எந்த உடை பொருந்தும் என்று மேலிருந்து தேர்ந்தெடுத்தது அது. புதுச்சேரி வீட்டில் தேர்ந்தெடுத்தவர் அதில் குடியிருந்தவர். விருந்தினர் ஏறிவரும் மாடிக்குப் புதிய பாணி, சமையலும் பூசையும் கல்யாணமும் நடக்கும் தளத்துக்குப் பழைய ஒழுங்கு என்று அவர் எல்லை வகுத்தார். பல வீடுகளில் மாடி பின்னாளில் வசதி கூடியபோது சேர்த்ததுதான் என்பதும் இதையே காட்டுகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. இந்தத் திண்ணையில் எல்லாரும் உட்காரவில்லை. நடை வரை யார் வரலாம், முற்றம் வரை யார் வரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. வெள்ளையர் பகுதி, கருப்பர் பகுதி என்று ஊரையே வாய்க்காலால் பிரித்தவர்களுக்கும் வீட்டுக்குள் படிப்படியாகப் பிரித்தவர்களுக்கும் இதில் பெரிய வித்தியாசமில்லை. இதை மறைத்துவிட்டு இந்த வீடுகளைக் கொண்டாடுவது தவறு. ஆனால் கட்டடத்தை இடித்துவிட்டால் அந்த வரலாற்றைக் காட்டும் ஆதாரமும் போய்விடும். அதோடு, இதில் உரிமையாளரின் பெயர் மட்டும் பதிந்திருக்கவில்லை. செங்கல் சூளையில் வெந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், சுதை வடித்தவர்கள், தச்சர்கள் ஆகியோரின் கைவேலைக்கு எஞ்சியிருக்கும் பதிவு இந்தச் சுவர்களே. வில்லியனூர் சுடுமண் வேலைக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு. அந்த மண்ணின் கைத்திறனைப் பொம்மையில் மதிக்கும் நாம் ஓட்டிலும் செங்கல்லிலும் மதிக்க மறுக்கக் காரணமில்லை.

அப்படியானால் எதைக் காப்பது? தெருமுகத்தை மட்டும் நிறுத்தி, பின்னால் இடித்து அறைகள் எழுப்புவது இன்று சுலபமான வழி. முற்றத்தை மூடிக் குளிர்சாதனம் போட்டால் மாடித்தூண் அலங்காரப் பலகையாகிவிடும். எதனுடன் அது சமரசம் செய்துகொண்டது என்பதே தெரியாமல் போகும். வைசியாள் வீதிச் சீரமைப்பு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் மரபுரிமை விருது பெற்றது. அதுவும் பெரும்பாலும் தெருமுக வேலைதான், ஆனால் அங்கே தாழ்வாரமும் திண்ணையும் சேர்ந்தே முகமாக இருந்ததால் பாதி வீடாவது உயிரோடு மீண்டது. குடியிருப்பவர்களை அருங்காட்சியகத்தில் வாழச் சொல்ல முடியாது என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். கழிவறையும் மின்சாரமும் நவீன சமையலறையும் இரண்டாம் கட்டில் தாராளமாக வரட்டும். சிமெண்டைத்தான் தள்ளி வைக்கவேண்டும்: சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும், சிமெண்ட் பூச்சு அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்து, சில மழைக்காலங்களில் பூச்சையும் செங்கல்லையும் சேர்த்து உதிர்க்கும். கவனிப்பில்லாத கட்டடத்துக்கு என்ன ஆகும் என்பதைக் கடற்கரையில் இருந்த மேரி கட்டடம் காட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அந்த நகராட்சி மாளிகை 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். அரசுக் கட்டடம் என்பதால் அதற்குப் பணமும் படங்களும் கிடைத்தன. தனியார் வீட்டுக்கு இரண்டுமே இருக்காது. பழைய நகரைச் சுற்றும் புல்வார் சாலைக்கு வெளியே, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் எஞ்சியிருக்கும் திண்ணை வீடுகளைப் பற்றி யாரும் பேசுவதுகூட அரிது. நகர வீட்டின் கீழ்த்தளம் எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடியவை அவைதான். அவற்றை அளந்து, வரைபடமும் படமும் எடுத்துக் கொம்யூன் பஞ்சாயத்தில் வைக்கப் பெரிய நிதி வேண்டாம். கட்டடக்கலை மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கக்கூடிய வேலை அது.