இராக்காவலுக்கு உகந்த கருவி எது?

காடடுத்த ஊர்களில் காட்டுப்பன்றியும், பருத்திப்பட்டு முதலிய சமவெளி ஊர்களில் பெருச்சாளியும் இரவிலேயே பயிரை அழிப்பதைக் குடியானவர்கள் அறிவார்கள். இப்பிராணிகளை இருளிற் காண இருவகைக் கருவிகள் உள்ளன.

ஒளிபெருக்கிக் கருவி நட்சத்திர வெளிச்சத்தைப் பெருக்கி உருவத்தைத் தெளிவாய்க் காட்டும். முழு இருட்டிலோ அகச்சிவப்பு விளக்கு வேண்டும். புல்லோடு ஒன்றி நிற்கும் பிராணி இதில் எளிதிற் புலப்படாது. வெப்பக்காட்சிக் கருவி உடற்சூட்டினின்று எழும் 8 முதல் 14 மைக்ரான் அலைநீளக் கதிர்களைக் கொண்டு காட்டுவது, விளக்கு வேண்டுவதில்லை. சாதாரணக் கண்ணாடி இக்கதிரை விடாதாகையால் இதன் வில்லையைப் பெரும்பாலும் ஜெர்மானியத்தாற் செய்வர், விலையும் அதிகம். 384-க்கு 288 புள்ளிகள் உள்ளதினும் 640-க்கு 512 உள்ளது மேலானது. அந்தியில் நிலம் சூடாயிருத்தலால், விடியலுக்கு முன்னரே காட்சி தெளிவாகும்.

ஆயினும், வரப்பில் படுத்துறங்கும் மனிதனும் தூரத்தில் அதில் ஒரு வெண்திட்டாகவே தோன்றுவான். பருத்திப்பட்டு ஏரிக்கரையோ 2019 முதல் பூங்காவாகி மக்கள் உலவுமிடம். மேலும், காட்டுப்பன்றி 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டது. குடியானவர் தாமே சுடலாகாது.

ஆகவே கருவியைக் காவலுக்கே கொள்க. பன்றியைக் கண்டால் வனத்துறைக்கு அறிவிக்க. பெருச்சாளி புகும் வளையை இரவில் குறித்து வைத்து, பகலில் வெட்டிப் பிடிக்க. கிராம அதிகாரிகள் இதனை யாவருக்கும் எடுத்துரைப்பார்களாக.