கோட்டை மறைந்த ஊர்: ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம்

ஃபோர்ட் வில்லியம் என்றதும் கொல்கத்தாவில் வாழும் நம் நேயர்களுக்கு ஹூக்ளி நதிக்கரையிலுள்ள பெருங்கோட்டையே நினைவுக்கு வரும். நம் இராணுவம் அதனை இப்பொழுது 'விஜய் துர்க்' என்று வழங்குகிறது. அதே பழம்பெயரைத் தாங்கிய மற்றோர் ஊர், கடல் பல கடந்து, ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில் உள்ளது. இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒருங்கே ஆண்ட மூன்றாம் வில்லியம் மன்னனின் பெயரே இவ்விரண்டுக்கும் இடப்பட்டது. கொல்கத்தாவில் பெயர் மாறிற்று, கோட்டை நிற்கிறது. ஸ்காட்லாந்திலோ கோட்டை போயிற்று; பெயர் நிற்கிறது. அந்தச் சிற்றூரையும், அதனைச் சூழ்ந்த மலைகளையும், நீர்நிலைகளையும், வரலாற்றுச் சின்னங்களையும் இங்கே நாம் காண்போம்.

நிலத்தினுள் நெடுந்தொலைவு புகுந்துவரும் லாக் லின்னி என்ற கடற்கழியின் தலைப்பில் அமைந்தது இவ்வூர். கிளாஸ்கோ நகரிலிருந்து ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் இதனை அடையலாம். லண்டனிலிருந்து இரவு ரயிலும் உண்டு. மக்கள் தொகை பத்தாயிரத்தை ஒட்டியதே. ஆயினும், இச்சிற்றூரை நடுவாகக் கொண்டு சுற்றிவந்தால், ஒரு மலைநாட்டு மக்களின் முந்நூறு ஆண்டு வரலாறு நம் கண்முன் விரியும்.

அந்த மலைநாட்டில் வாழ்ந்தோர் பல குலங்களாகப் பிரிந்திருந்தனர். கேலிக் அவர்களது மொழி. தத்தம் குலத் தலைவரின் சொல்லையே அவர்கள் வேதவாக்காகக் கொண்டனர். தொலைவிலிருந்த அரசர்களின் ஆணைக்கு எளிதில் தலைவணங்கவில்லை. அவர்களை அடக்கும் பொருட்டு 1654ஆம் ஆண்டில், கிராம்வெல் ஆட்சியில், தளபதி மங்க் இங்கு ஒரு கோட்டையை எழுப்பினார். 1690இல் தளபதி மக்கே அதனைக் கல்லால் வலுப்படுத்தி, அரசர் வில்லியத்தின் பெயரைச் சூட்டினார். 1746இல் எதிர்ப்படையின் முற்றுகைக்கும் அது அசையவில்லை. ஆனால் பீரங்கி சாய்க்காத கோட்டையை ரயில் சாய்த்துவிட்டது. 1894இல் இருப்புப்பாதை வந்தபோது, அதற்கு இடம் வேண்டிக் கோட்டையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. கடற்கழியின் ஓரத்தில் எஞ்சியுள்ள மதிற்சுவரை இன்றும் காணலாம்.

ஊரின் நடுவே உள்ள மேற்கு மலைநாட்டு அருங்காட்சியகம் 1922இல் தோன்றியது. இங்குள்ள ஒரு பொருளை எவரும் தவறவிடலாகாது. வண்ணங்களைத் தாறுமாறாக இழுகியது போன்று தோன்றும் ஒரு பலகை அது. அதன் நடுவே பளபளப்பான உருளை ஒன்றை நிறுத்தினால், உருளையின் பரப்பில் இளவரசர் சார்லஸ் எட்வர்டு ஸ்டூவர்ட்டின் முகம் தெளிவாகத் தெரியும். இவரே பறிபோன அரியணையை மீட்க முயன்ற இளவரசர். இவர் பெயரை வெளிப்படையாகச் சொல்வதும் ஆபத்தாக இருந்த காலத்தில், அன்பர்கள் கண்டுபிடித்த உபாயம் இது. உருளையை எடுத்துவிட்டால் சான்று எதுவும் இராது அன்றோ?

ஊருக்கு வடகிழக்கே சிறிது தொலைவில், நெவிஸ் மலையின் அடிவாரத்தில், பழைய இன்வர்லாக்கி கோட்டை நிற்கிறது. இது 1280ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பட்டது. சதுரமான முற்றமும், நான்கு மூலைகளிலும் வட்டக் கோபுரங்களும் கொண்ட எளிய அமைப்பு. 1645 பிப்ரவரி 2ஆம் நாள் இதனருகே நிகழ்ந்த போரில் மான்ட்ரோஸ் பிரபு, பனி மூடிய மலைகளைக் கடந்து எதிர்பாராத திசையிலிருந்து வந்து, கேம்பல் குலத்தாரின் படையை முறியடித்தார்.

இனி, ஊருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவிலுள்ள கிளென்கோ பள்ளத்தாக்குக்குச் செல்வோம். இருமருங்கும் செங்குத்தான கரும்பாறை மலைகள். நடுவே ஓர் ஆறு. மேகம் தவழும் சிகரங்கள். ஸ்காட்லாந்தின் மிக அழகிய இடங்களுள் ஒன்று இது. மிகத் துயரமான இடங்களுள் ஒன்றும் இதுவே.

1692 ஜனவரி முதல் நாளுக்குள் குலத் தலைவர் யாவரும் மன்னர் வில்லியத்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டுமென ஆணை பிறந்தது. கிளென்கோவின் மக்டொனால்டு தலைவர், கெடுவின் இறுதி நாளன்று ஃபோர்ட் வில்லியம் வந்து சேர்ந்தார். கோட்டையின் ஆளுநர் கர்னல் ஹில்லுக்குப் பிரமாணம் செய்துவைக்கும் அதிகாரம் இல்லை. எனவே, முதியவரான அத்தலைவர் பனியில் இன்வரரே வரை செல்ல நேர்ந்தது. ஜனவரி 6ஆம் நாளே பிரமாணம் நிறைவேறிற்று. அந்தச் சில நாள் தாமதத்தைக் காரணம் காட்டி, அக்குலத்தையே அழிக்க மேலிடத்தார் முடிவு செய்தனர்.

படைவீரர்கள் கிளென்கோவுக்கு வந்து, அக்குடும்பங்களின் வீடுகளிலேயே ஏறத்தாழ இரண்டு வாரம் விருந்தினராகத் தங்கினர். அவர்கள் இட்ட உணவை உண்டனர். பிப்ரவரி 13ஆம் நாள் விடியுமுன், தமக்கு விருந்தளித்தவர்களையே கொல்லத் தொடங்கினர். ஏறத்தாழ 38 பேர் மாண்டனர். பனியில் ஓடி உயிர் நீத்தவர் வேறு. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்த அச்செயலை மலைநாட்டார் இன்னும் மறக்கவில்லை. போரில் நிகழும் கொலையைக் காட்டிலும் விருந்தோம்பலைக் கெடுத்த கொலையே அவர்கள் நெஞ்சை மிகுதியாகப் புண்படுத்தியது. கிளென்கோவில் நடக்கும்போது இயற்கையழகோடு இவ்வரலாற்றையும் நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

மேற்கே 27 கி.மீ. அளவில் உள்ளது கிளென்ஃபின்னன். 1745 ஆகஸ்ட் 19ஆம் நாள் இளவரசர் சார்லஸ் இங்குதான் தம் கொடியை ஏற்றினார். அதன் நினைவாக 1815இல் எழுப்பப்பட்ட 18 மீட்டர் உயரத் தூணின் உச்சியில் நிற்பது இளவரசரின் உருவமன்று. பெயரறியாத ஒரு மலைநாட்டு வீரனின் உருவம். மறு ஆண்டு கல்லோடன் போரில் அவ்வெழுச்சி தோற்றது. மலைநாட்டு ஆண்கள் தம் மரபுவழி உடையை அணிவதும் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அத்தடை 1782 வரை நீங்கவில்லை.

தூணுக்கு எதிர்ப்புறம் பள்ளத்தாக்கின் குறுக்கே வில்லென வளைந்து செல்லும் ரயில் பாலம் 1897க்கும் 1901க்கும் இடையே கட்டப்பட்டது. 21 வளைவுகளும் 380 மீட்டர் நீளமும் கொண்ட இப்பாலம் இரும்புக் கம்பியின்றி கான்கிரீட்டினால் மட்டுமே ஆனது. ஹாரி பாட்டர் திரைப்படங்களைக் கண்ட நம் இளைஞர்கள் இதனை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஊருக்கு அருகே பானவி என்ற இடத்தில் காலடோனியக் கால்வாயைக் காணலாம். பொறியியல் மேதை தாமஸ் டெல்ஃபோர்டின் மேற்பார்வையில் 1803இல் தொடங்கி, 1822இல் திறக்கப்பட்ட இது, கிழக்குக் கடலையும் மேற்குக் கடலையும் 97 கி.மீ. நீளத்தில் இணைக்கிறது. இதில் ஏறத்தாழ 35 கி.மீ. மட்டுமே வெட்டப்பட்டது, எஞ்சியவை இயற்கை ஏரிகள். பானவியில் அடுத்தடுத்து எட்டு நீர்க்கதவு அடைப்புகள் படிக்கட்டுபோல் அமைந்து, படகுகளை ஏறத்தாழ 20 மீட்டர் உயர்த்துகின்றன. நீரின் எடையும் மட்டமுமே இங்குக் கப்பலைத் தூக்கும் கருவிகள்.

இக்கால்வாயை வெட்டியதற்கு மற்றொரு நோக்கமும் இருந்தது. பிழைப்புத் தேடி மலைநாட்டார் கூட்டங்கூட்டமாக அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேறிய காலம் அது. அவர்களுக்கு வேலை தந்து சொந்த மண்ணிலேயே இருத்த அரசாங்கம் விரும்பியது. வேலை பலருக்குக் கிடைத்தது, புலம்பெயர்வு நின்றபாடில்லை. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இறுதியாக, இவ்வூருக்கு மேலே எழுந்து நிற்கும் பென் நெவிஸ் மலை. 1,345 மீட்டர் உயரமுள்ள இதுவே பிரிட்டன் தீவுகளின் மிக உயர்ந்த சிகரம். நம் சிம்லாவைவிட இது தாழ்ந்ததே என்று எளிதாக எண்ணிவிடலாகாது. ஏறத்தாழக் கடல்மட்டத்திலிருந்தே ஏறவேண்டியிருப்பதால், உயரம் முழுவதையும் நம் கால்களே கடக்க வேண்டும். போய் வர ஏழு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். உச்சி பெரும்பாலும் மேகத்துள் மறைந்திருக்கும். கோடையின் தொடக்கத்திலும் பனி கிடக்கக்கூடும். ஆகவே கம்பளியாடை, மழைக்கோட்டு, நல்ல காலணி, நிலப்படம், திசைகாட்டி ஆகியன இன்றி ஏறலாகாது. இயலாதோர் அடிவாரத்திலுள்ள நெவிஸ் பள்ளத்தாக்கில் நடந்து, 120 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் ஸ்டீல் அருவியைக் கண்டு களிக்கலாம்.

மலையுச்சியில் 1883 முதல் 1904 வரை ஒரு வானிலை ஆய்வு நிலையம் இயங்கிற்று. இரவு பகல் பாராது, மணிக்கொரு முறை வெப்பத்தையும் காற்றையும் மழையையும் அங்கிருந்தோர் குறித்தனர். 1894இல் அங்குச் சில வாரம் பணியாற்றிய சி. டி. ஆர். வில்சன், மேகத்தின்மீது கதிரொளி படும்போது தோன்றிய வண்ண வளையங்களைக் கண்டு வியந்தார். அவற்றை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க முயன்றதன் விளைவே, கண்ணுக்குப் புலனாகாத அணுத்துகள்களின் தடங்களைக் காட்டும் 'மேக அறை' என்ற கருவி. அதற்காக 1927இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

மே முதல் செப்டம்பர் வரை இப்பகுதியைக் காண ஏற்ற காலம். கோடையில் 'மிட்ஜ்' என்னும் நுண்ணிய கடிபூச்சிகளின் தொல்லை உண்டு. உடலை மூடும் உடை நலம். நான்கு நாட்கள் இருப்பின், முதல் நாள் ஊரும் கால்வாயும், இரண்டாம் நாள் கிளென்கோ, மூன்றாம் நாள் கிளென்ஃபின்னன், வானம் தெளிந்த மற்றொரு நாள் மலை எனப் பகுத்துக்கொள்ளலாம்.

ரயில் நிலையத்தில் இறங்கியதும் பெயர்ப்பலகையை ஒருமுறை ஊன்றிப் பாருங்கள். ஆங்கிலப் பெயரோடு 'அன் கெரஸ்தன்' என்ற கேலிக் பெயரும் அதில் இருக்கும். அதன் பொருள் 'காவற்படை இருக்கை' என்பதே. மன்னரின் பெயரை அம்மக்கள் தம் மொழியில் ஏற்கவேயில்லை. அம்மொழியைப் பேசுவோர் இன்று சிலரே எனினும், 2025இல் ஸ்காட்லாந்தின் நாடாளுமன்றம் அதற்கு அதிகாரபூர்வ மொழி என்னும் தகுதியை வழங்கிச் சட்டம் இயற்றியது. அம்மொழி பேசியவரை அடக்க எழுந்த கோட்டையில் ஒரு சுவர்த்துண்டே எஞ்சியுள்ளது. அவர்களது சொல்லோ ஊரின் வாயிலிலேயே வருவோரை வரவேற்கிறது.