வயற்பாதையில் ஓடும் டூ ஸ்ட்ரோக் மொபெட்: சித்தம் செய்தலும் பாதுகாத்தலும்

திருவண்ணாமலை நகருக்குத் தென்மேற்கே, செங்கம் சாலையில், ஸ்ரீ ரமணாசிரமத்தையும் அதனை அடுத்த சமுத்திரம் ஏரியையும் சூழ்ந்துள்ள நிலங்களில் செம்மண்ணும் சரளையும் மிகுதி. மல்லாட்டை என்று இப்பக்கத்தில் வழங்கும் நிலக்கடலையும், நெல்லும், பூச்செடிகளும் பயிராகும் இந்நிலங்களுக்குச் செல்லும் வழி பெரும்பாலும் ஏரிக்கரையும் வண்டித் தடமுமே. பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடந்து மலையை வலம் வருகிறார்கள். அந்நாட்களில் அப்பாதையில் வாகனங்கள் கட்டுப்படுத்தப்படுவதால், பாலும் பூவும் கொண்டுசெல்லும் குடியானவர்கள் வயற்பாதைகளையே நாட வேண்டியதாகிறது. கிராக்கி மிகுந்த அந்த நாளில் வண்டி நடுவழியில் நின்றுவிடுமாயின், பால் திரிவதும் பூ வாடுவதும் நிச்சயம்.

இவ்விதப் பாதைகளில் குடியானவர்களுக்குப் பல காலமாக உதவி வருவது சிறிய டூ ஸ்ட்ரோக் மொபெட். 1980-ஆம் வருஷத்தில் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50, இருவர் ஏறிச் செல்லத்தக்க மொபெட்டுகளில் இந்தியாவில் முதலாவது. அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிகள் பால் கேன், உர மூட்டை, பசுந்தீவனக் கட்டு முதலியவற்றைச் சுமந்து கிராமந்தோறும் பரவின. 2015-இல் அதே கம்பெனி ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரம் பொருத்திய எக்ஸ்.எல். 100 வண்டியை வெளியிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் ஆறாம் நிலைப் புகை விதிகள் அமலுக்கு வந்தபின், புதிய டூ ஸ்ட்ரோக் மொபெட்டுகள் விற்பனைக்கு வருவதில்லை. ஆகையால், கைவசம் உள்ள வண்டியைக் கெடாமல் காப்பதே அதை நம்பிப் பிழைப்பவர்களுக்கு உசிதமான வழியாகும்.

இயந்திரம் வேலை செய்யும் விதம்

ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரத்தில் அச்சு இரண்டு முறை சுழன்றால்தான் ஒரு முறை எரிபொருள் வெடித்துச் சக்தி தரும். டூ ஸ்ட்ரோக்கிலோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு உண்டு. பிஸ்டன் மேலே போகையில் பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி கீழறையில் இழுக்கப்படுகிறது. கீழே வருகையில் அந்த ஆவி பக்கத் துவாரங்களின் வழியாக மேலேறிச் சிலிண்டரை நிரப்புகிறது. வால்வுகள் இல்லாமையால் இயந்திரம் இலேசாகவும், பழுது பார்க்க எளிதாகவும் இருக்கிறது.

ஆனால் கீழறையின் வழியே எரிபொருள் போவதால், அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க இடமில்லை. பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் வேண்டிய மசகெண்ணெய் பெட்ரோலோடு கலந்தே வந்து சேர வேண்டும். அவ்வாறே, உள்ளே இழுக்கப்படும் காற்றில் புழுதி இருப்பின் அதுவும் அவ்வுறுப்புகளின்மீதே படியும். இவ்வியந்திரத்தின் ஆயுள் முக்கியமாக இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: அளந்து கலந்த எண்ணெய், வடிகட்டிய காற்று.

எண்ணெய்க் கலவை

வண்டியோடு தரப்பட்ட கைப்புத்தகத்தில் கண்ட விகிதமே பிரமாணம். 50-க்கு 1 என்று கண்டிருந்தால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. எண்ணெய், 4 லிட்டருக்கு 80 மி.லி. 40-க்கு 1 என்றிருந்தால், 1 லிட்டருக்கு 25 மி.லி.; 4 லிட்டருக்கு 100 மி.லி. டூ ஸ்ட்ரோக் இயந்திரத்துக்கென்றே விற்கப்படும் எண்ணெயைத்தான் உபயோகிக்க வேண்டும். டிராக்டரிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஊற்றுவது இயந்திரத்துக்குக் கெடுதி.

சாதாரணமாக நேரும் தவறு யாதெனில், பங்கில் பெட்ரோல் மட்டும் போட்டுக்கொண்டு, வீடு சேர்ந்தபின் எண்ணெய் சேர்க்கலாம் என்று புறப்படுவது. எண்ணெயில்லாப் பெட்ரோலில், சுமையோடு, கோடை வெயிலில் சில கிலோமீட்டர் ஓடினாலும் பிஸ்டன் சூடேறிப் பருத்துச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளக்கூடும். 20 மி.லி. எண்ணெயில் செய்த சிக்கனம், சிலிண்டர் கடைசலும் புதிய பிஸ்டனும் ஆகிய செலவில் முடிகிறது. இதைத் தவிர்க்க, அளந்த எண்ணெயை ஒரு சிறு புட்டியில் அடைத்து வண்டியிலேயே வைத்திருத்தல் நலம்.

எண்ணெய் கூடினால் கெடுதியில்லை என்று நினைப்பதும் பிசகு. மிகுதியான எண்ணெய் முழுவதும் எரியாமல் கரியாகப் படிந்து சைலன்சரை அடைக்கும். நீலப்புகை பெருகி, பின்னே வருவோருக்கும் தீங்கு செய்யும்.

கலக்கும்போது, சுத்தமான உலோக டின்னில் பாதிப் பெட்ரோலை ஊற்றி, எண்ணெயைச் சேர்த்துக் குலுக்கி, பிறகு மீதிப் பெட்ரோலை ஊற்ற வேண்டும். அடுப்பு, விளக்கு, பீடி இவற்றின் அருகில் இவ்வேலையைச் செய்தல் ஆகாது. பூச்சி மருந்து அளக்கும் மூடியை இதற்கு உபயோகிக்கவே கூடாது. டூ ஸ்ட்ரோக் விசைத்தெளிப்பானுக்கும் இதே விதி பொருந்துமாயினும், அதன் விகிதம் வேறாக இருக்கலாம். ஆகவே தனி டின் வைத்து அடையாளம் இடுவது நன்று.

இக்காலத்துப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்க்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியைப் பல நாள் நிறுத்தி வைப்பதானால் டாங்கியையும் கார்புரேட்டரையும் வடித்துவிட வேண்டும். இறுகியோ ஊறியோ போன குழாயைத் தாமதமின்றி மாற்ற வேண்டும்.

காற்று வடிகட்டி

வறண்ட காலத்தில் செம்மண் புழுதி மாவுபோல் எழும்புகிறது. அது வடிகட்டியைக் கடந்து உள்ளே புகுந்தால், எண்ணெயோடு சேர்ந்து சாணைக்கல்லைப்போல் பிஸ்டனையும் வளையங்களையும் தேய்த்துவிடும். ஸ்பாஞ்சு வடிகட்டியைச் சோப்பு நீரில் அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, நிழலில் நன்றாக உலர்த்தி, சில துளி சுத்த எண்ணெய் தடவி, மிகுதியைப் பிழிந்துவிட்டுப் பொருத்த வேண்டும். காகித வடிகட்டியை நனைத்தல் கூடாது. தட்டிச் சுத்தம் செய்து, அழுக்கு ஏறியதும் மாற்ற வேண்டும். வடிகட்டியைக் கழற்றிவிட்டால் வேகம் கூடும் என்று அதை எறிந்துவிட்டு ஓட்டுவோர், இயந்திரத்தின் ஆயுளையே எறிந்தவராவர். பெட்டியின் மூடியிலும், கார்புரேட்டருக்குச் செல்லும் ரப்பர்க் கழுத்திலும் வெடிப்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

வயற்பாதைக்குச் சித்தம் செய்தல்

டயர்களில் பட்டை தேய்ந்திருப்பின் ஈரச் செம்மண்ணில் சறுக்கும். மணற்பாங்கான இடத்துக்காகக் காற்றைக் குறைத்தால், பாரத்தோடு கல்லில் ஏறும்போது டியூப் நசுங்கிக் கிழியும்; எனவே பாரத்துக்குரிய அளவிலேயே காற்று இருத்தல் வேண்டும். சங்கிலி மிகத் தொய்ந்தால் கழலும். மிக இறுகினால் பேரிங் தேயும். அதன் நடுப்பாகம் சுமார் 20 மி.மீ. மேலும் கீழும் அசையும்படி வைப்பது பொதுவான அளவு. இயந்திரத்தை நிறுத்திவிட்டே இதைச் சோதிக்க வேண்டும்.

பின் சக்கரத்தில் பற்கள் கூடிய ஸ்ப்ராக்கெட்டைப் பொருத்தினால் இழுவை கூடும். ஆனால் வேகம் குறைந்து, இயந்திரம் அதிகமாகச் சுழன்று சூடேறும். பெரும்பாலோருக்கு இம்மாற்றம் அவசியமில்லை. சுமையை இரு பக்கமும் சமமாகவும் தாழ்வாகவும் கட்டுவதே மேல். 20 லிட்டர் பால் சுமார் 20½ கிலோ எடையுள்ளது; இரண்டு கேன்களானால் கேனின் எடையை நீக்கியே 41 கிலோ ஆகிறது என்பதை மறத்தலாகாது.

மூங்கில் தோப்பையோ காய்ந்த புல்லையோ ஒட்டி, சூடான சைலன்சரோடு வண்டியை நிறுத்தக் கூடாது. கோடையில் அருணாசல மலைச்சரிவில் புல் உலர்ந்திருக்கையில் ஒரு பொறியும் பெருந்தீயாகலாம். சைலன்சரின் உட்குழலை எடுத்துவிட்டு ஓட்டுவதும் தகாது; டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் அமைப்பு இயந்திரத்தின் இழுவைக்கே உதவுவது.

கரியும் பிளக்கும்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இயந்திரத்தின் நிலை தெரியவரும். முனை வெளிர் பழுப்பாக இருப்பின் குறையில்லை. கறுத்து நனைந்திருப்பின் எண்ணெய் மிகுதி, அல்லது வடிகட்டி அடைப்பு. வெளுத்துப் பொரிந்திருப்பின் பெட்ரோல் போதாமையோ, எங்கேனும் காற்றுக் கசிவோ இருக்கலாம். இது ஆபத்தின் அறிகுறி. இழுவை படிப்படியாகக் குறைந்தால் சைலன்சரிலும் புகைத் துவாரத்திலும் கரி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் செய்க. அங்குள்ள கரியை மரக்குச்சியால் சுரண்ட வேண்டுமேயன்றிக் கூரிய இரும்பால் அன்று.

இயந்திரம் இறுகும்போது

ஓட்டத்தில் சத்தம் மாறி, இழுவை திடீரெனக் குறைந்தால் பிஸ்டன் இறுகத் தொடங்கிவிட்டது என்று அறிய வேண்டும். உடனே ஆக்ஸிலேட்டரை மூடி, வண்டியை ஓரமாக நிறுத்தி, தானாக ஆறவிட வேண்டும். சூடான சிலிண்டரில் தண்ணீர் ஊற்றினால் அது வெடிக்கக்கூடும். சிலிண்டரின் செதில்களில் சேறு அப்பியிருந்தால் காற்றுப் படாமல் சூடு தங்கும். ஆறியபின் அதை அகற்ற வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்குவது போன்ற நீண்ட மலையிறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முற்றிலும் மூடியே வந்தால், பெட்ரோலோடு எண்ணெயும் வராமல் குறையும். ஆகவே இடையிடையே சிறிது திறந்து மூட வேண்டும்.

பௌர்ணமிக் கணக்கு

நாள்தோறும் எண்ணெயின் அளவு, டயர்க் காற்று, பிரேக்கு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இரவில் பெட்ரோல் குழாயை மூடி வைத்து, காலையில் புறப்படுமுன் வண்டியை இலேசாக ஆட்டிக் கலவையைச் சேரச் செய்ய வேண்டும். புழுதிக் காலத்தில் வாரம் ஒரு முறை வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். மாதத்திற்கு ஒரு முறை செய்யத்தக்க பிளக்கு, சங்கிலி, கேபிள், நட்டு போல்ட்டு முதலியவற்றின் சோதனையைப் பௌர்ணமிக்கு மூன்று நாட்கள் முன்னதாக வைத்துக்கொண்டால் மறதிக்கு இடமிராது. குறை தென்பட்டாலும் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.

மாட்டுக்குத் தீனியைப் பார்த்து வைப்பதுபோல வண்டிக்கு எண்ணெயையும் அளந்து வைக்கும் குடியானவர், நிலவொளியில் ஏரிக்கரை வழியே பாலைத் திரியாமல் கொண்டுசேர்த்து, நஷ்டமின்றி வீடு திரும்புவார் என்பதில் ஐயமில்லை.