காரணியைத் தேடாமலே

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் காகிதமும் பேனாவும் இருக்கட்டும், சின்னதாக ஒரு கணக்குப் போடுவோம்.

127 இரண்டுகளைப் பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது 170141183460469231731687303715884105727. 39 இலக்கம். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் இது. 1876-இல் பிரான்ஸின் எடுவர் லூக்கா கையால் கணக்கிட்டே இதை நிறுவினார். 1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் எதையும் யாரும் கண்டறியவில்லை.

எப்படி முடிந்தது? பள்ளியில் படித்தபடி, வர்க்கமூலம் வரை ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்கலாம். கணித அறிஞர் ஃபெர்மா ஒரு சலுகை தந்திருக்கிறார்: இதற்குக் காரணி இருந்தால், அதை 254-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். மற்றவற்றை விட்டுவிடலாம். அப்படியும், நொடிக்கு ஒன்று வீதம் வகுத்தால் 160 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும்.

லூக்கா வகுத்துத் தேடவே இல்லை. அவருடைய முறையைப் பின்னர் லேமர் என்ற கணித அறிஞர் எளிமையாக்கினார். அந்த வடிவத்தைச் சிறிய எண்ணில் பாருங்கள். 2⁵−1, அதாவது 31. நான்கில் தொடங்குங்கள். வர்க்கமாக்கி 2 கழித்தால் 14. மறுபடி அதையே செய்தால் 194. அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. எட்டின் வர்க்கத்தில் 2 போனால் 62, மீதி பூஜ்யம். அடுக்கு 5 என்பதால் மூன்று படி. மூன்றாம் படியில் பூஜ்யம் வந்துவிட்டது, ஆகவே 31 பகா எண். நம் பெரிய எண்ணுக்கு 125 படி.

ஏன் பலிக்கிறது? 2+√3, 2−√3 இரண்டையும் கூட்டினால் 4. வர்க்கங்களைக் கூட்டினால் 14. நான்காம் அடுக்குகளைக் கூட்டினால் 194. ஒவ்வொரு படியும் அடுக்கை இரட்டிக்கிறது. கடைசியில் பூஜ்யம் வந்தால், 2+√3-இன் அடுக்குகள், நம் எண்ணால் வகுத்த மீதிக் கணக்கில், 1-ஐ அடையச் சரியாக 2¹²⁷ படி எடுக்கின்றன என்று பொருள்; இங்கே ஒரு படி என்பது 2+√3-ஆல் ஒரு முறை பெருக்குவது. எந்தக் காரணியை வைத்து மீதி பார்த்தாலும் இதே நீளம்தான். ஆனால் நம் எண்ணுக்குக் காரணிகள் இருந்தால், மிகச் சிறியதன் வர்க்கம் அந்த எண்ணைத் தாண்டாது. அந்தக் காரணியின் மீதிக் கணக்கிலோ, தன் வர்க்கத்துக்கும் குறைவான படிகளிலேயே 1 வந்தாக வேண்டும். 2¹²⁷ படிக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே அப்படியொரு காரணி இருக்க முடியாது. என்னைப் பொறுத்தவரை கணிதத்தின் மிக அழகான வாதங்களில் இது ஒன்று. நிதானமாக இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

பகா எண் இல்லையென்றாலும் இத்தகைய சோதனை காரணியைக் காட்டாது. 2⁶⁷−1 பகு எண் என்று லூக்கா 1876-இலேயே சொல்லிவிட்டார். அதன் காரணிகள் 193707721, 761838257287 என்று ஃபிராங்க் நெல்சன் கோல் காட்டியது 1903-இல்தான்.

இன்னொன்று. 2²−1 = 3, 2³−1 = 7, 2⁷−1 = 127, 2¹²⁷−1 நம் எண். நான்குமே பகா எண்கள். அடுத்து, 2-க்கு நம் எண்ணையே அடுக்காக வைத்து ஒன்றைக் கழித்தால் வருவதும் பகா எண்ணா? யாருக்கும் தெரியாது. லூக்காவின் சோதனை அதற்கும் பொருந்தும். ஆனால் படிகளின் எண்ணிக்கையே 39 இலக்கம்.